ஓரினமாகும் பின்னங்கள்: பொதுப் பகுதி என்னும் கணக்கு

பின்னங்களைக் கூட்டுவதற்கு முன் அவற்றின் பகுதிகளை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும் என்பது தொடக்கப் பள்ளியைத் தாண்டும் பருவத்திலேயே கற்பிக்கப்படும் விதி. ஆயினும் அவ்விதி எதற்காக ஏற்பட்டது என்பதை, அதைப் பல ஆண்டுகள் பிழையின்றிக் கையாண்டவர்களிலும் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பின்னத்தில் கோட்டுக்கு மேலே நிற்கும் எண் தொகுதி எனவும் கீழே நிற்கும் எண் பகுதி எனவும் வழங்கப்படுகின்றன. முழுமையான ஒன்று எத்தனை சமக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டது என்பதைப் பகுதி சொல்கிறது. அக்கூறுகளில் எத்தனை எடுத்துக்கொள்ளப்பட்டன என்பதைத் தொகுதி சொல்கிறது. ஆகவே 3/8 என்னும் பின்னத்தில் 3 மட்டுமே எண்ணிக்கை; 8 என்பது எண்ணப்படும் கூறு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் அளவு. மூன்று படி அரிசியையும் இரண்டு உழக்கு அரிசியையும் சேர்த்து ஐந்து என்று எவரும் சொல்வதில்லை. படிக்கு நான்கு உழக்கு என்பதால் பன்னிரண்டும் இரண்டும் சேர்ந்து பதினான்கு உழக்கு என்றே கணக்கிடுவர். பொதுப் பகுதி காண்பது என்பதும் இவ்வாறே, இரு பின்னங்களையும் மிச்சமின்றி அளக்கக்கூடிய ஒரே கூறு எது என்று தேடுவதாகும்.

அத்தேடல் நடைபெறுவதற்கு அடிப்படையாக அமைவது சமான பின்னம் என்னும் கருத்து. ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்கினால் அதன் மதிப்பு மாறுவதில்லை. கூறுகள் எத்தனை மடங்கு சிறியனவாகின்றனவோ அத்தனை மடங்கு அவற்றின் எண்ணிக்கை கூடிவிடுவதால் 1/2, 2/4, 18/36 ஆகிய யாவும் ஒரே அளவைக் குறிக்கின்றன. பகுதிகள் ஒன்றாக உள்ள பின்னங்களை ஓரினப் பின்னங்கள் என்றும், வேறுபட்டவற்றை வேற்றினப் பின்னங்கள் என்றும் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. வேற்றினப் பின்னங்களுக்கு உரிய சமான பின்னங்களைக் கண்டு அவற்றை ஓரினமாக்கிய பின் தொகுதிகளைக் கூட்டினாலோ கழித்தாலோ ஒப்பிட்டாலோ வேலை முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 5/12, 7/18 ஆகிய இரண்டையும் கூட்ட வேண்டும் என்று கொள்வோம். இரு பகுதிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைக்கும் 216 எப்போதும் ஒரு பொதுப் பகுதியாக அமையும். அதன்படி அவை 90/216, 84/216 ஆகி, கூட்டுத்தொகை 174/216 என வரும். விடை சரியானதே என்றாலும், தொகுதியையும் பகுதியையும் 6 ஆல் வகுத்துச் சுருக்கிய பிறகே அது 29/36 என்னும் எளிய வடிவை அடைகிறது. இந்த வீண் சுமையைத் தவிர்ப்பதற்காகவே மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரு எண்களாலும் மீதியின்றி வகுபடும் எண்களுள் மிகச் சிறியது, பயன்படுத்தப்படுகிறது. 12 என்பது 2 × 2 × 3. 18 என்பது 2 × 3 × 3. இரண்டு இரண்டுகளும் இரண்டு மூன்றுகளும் இருந்தால் இரு எண்களுக்கும் போதும் என்பதால் அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 36 ஆகிறது. அதனைப் பகுதியாகக் கொண்டால் 15/36, 14/36 ஆகியவை சேர்ந்து 29/36 என்னும் விடை நேரடியாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் மீச்சிறு பொது மடங்கைக் கொண்டால் விடையைச் சுருக்கவே தேவையிராது என்று முடிவு செய்துவிடலாகாது. 1/6, 1/10 ஆகியவற்றை 30 என்னும் பகுதியில் கூட்டினால் 8/30 கிடைக்கிறது, அது மேலும் சுருங்கி 4/15 ஆகிறது.

பகுதிகள் பெரிய எண்களாக இருக்கும்போது பகாக் காரணிகளைத் தேடுவது கடினமாகிவிடும். அத்தகைய இடத்தில் கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் விளக்கிய வழிமுறை கைகொடுக்கிறது. 221, 187 ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், பெரியதைச் சிறியதால் வகுக்க மீதி 34. 187-ஐ 34 ஆல் வகுக்க மீதி 17. 34-ஐ 17 ஆல் வகுக்க மீதி இல்லை. மீதியின்றி வகுத்த அந்த 17 தான் இரு எண்களுக்கும் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் வகுக்கும் எண்களுள் மிகப் பெரியது. இரு எண்களுள் ஒன்றை அதனால் வகுத்து மற்றதால் பெருக்கினால், 13 × 187 = 2431 என மீச்சிறு பொது மடங்கு கிடைத்துவிடுகிறது. காரணிகள் எவை என்றே தெரியாமல் நான்கு வகுத்தல்களிலும் ஒரு பெருக்கலிலும் முடியும் இம்முறையே இன்றளவும் கணினி நிரல்களில் இப்பணிக்குப் பயன்படுகிறது.

தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுவது மாணவர் பலரும் செய்யும் தவறு. 1/2 உடன் 1/3 சேர்ந்தால் 2/5 என்று எழுதும்போது விடை அரையைவிடக் குறைந்துபோவதைக் கவனித்தாலே தவறு புலப்பட்டுவிடும். ஏதோ ஒன்றைச் சேர்த்த பிறகு முன்னிருந்ததைவிடக் குறைய வழியில்லை. ஆனால் இத்தவறு அறியாமையால் மட்டுமே நேர்வது என்று தள்ளிவிட முடியாது. ஒரு தேர்வில் 20-க்கு 15 மதிப்பெண்ணும் மற்றொன்றில் 30-க்கு 18 மதிப்பெண்ணும் பெற்ற மாணவருக்கு மொத்தத்தில் 50-க்கு 33 என்று போடுவது முற்றிலும் முறையானது. அங்கே மேலும் கீழும் தனித்தனியே கூட்டப்படுகின்றன. அவ்விடத்தில் 15/20 என்பது விகிதத்தைக் குறிக்கிறதேயன்றி ஒரே முழுமையிலிருந்து எடுத்த கூறுகளைக் குறிக்கவில்லை என்பதும், இரு தேர்வுகளின் முழுமைகளும் வேறுவேறு என்பதும், விடையாக வரும் எண் கூட்டுத்தொகையாக இல்லாமல் இரண்டுக்கும் இடைப்பட்டதாகவே எப்போதும் அமைகிறது என்பதும் எடுத்துச் சொல்லப்பட்டால், மாணவர் தம் தவற்றின் ஊற்றுக்கண்ணையே கண்டுகொள்வர்.

பழங்கால நாகரிகங்களின் தேடல்

வேறுபட்ட பின்னங்களை ஒரே அளவில் கொண்டுவரும் முயற்சி எழுத்தில் காணப்படும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்தியருடையது. கி.மு. 1550 அளவில் ஆமெஸ் என்னும் எழுத்தர் பழைய ஏடொன்றைப் பார்த்துப் படியெடுத்த பாப்பிரஸ் சுருளை, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரைண்ட் என்பவர் 1858-ஆம் ஆண்டு லக்சரில் விலைக்கு வாங்கினார். பெரும்பகுதி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அச்சுருள் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 2/3 ஒன்றைத் தவிர மற்றப் பின்னங்கள் அனைத்தையும் எகிப்தியர் தொகுதி 1 ஆக உள்ள அலகுப் பின்னங்களின் தொகையாகவே எழுதினர். 2/3, 1/15 ஆகிய இரண்டோடு எதைச் சேர்த்தால் ஒன்று நிறைவுறும் என்று சுருளில் ஒரு கணக்கு கேட்கிறது. இங்கே 15 என்னும் எண் ஒப்புநோக்கும் அளவாகக் கொள்ளப்படுகிறது. அதில் மூன்றில் இரண்டு 10, பதினைந்தில் ஒன்று 1, ஆகவே இருப்பது 11, குறைவது 4. பதினைந்தில் நான்கை 1/5 உடன் 1/15 சேர்ந்தது என்று எழுதி எழுத்தர் விடையை முடிக்கிறார். இவ்வகையான துணை எண்களைப் பின்னங்களின் கீழே சிவப்பு மையில் எழுதிக்காட்டுவது அவர்களது வழக்கம். பொதுப் பகுதி என்னும் பெயரும் வடிவமும் இல்லாமலே அதன் வேலையை அச்சிவப்பு எண்கள் செய்து முடித்தன.

சீனத்தின் ‘ஒன்பது அதிகாரங்கள்’ என்னும் கணித நூல் பின்னக் கூட்டலைத் தெளிவான விதியாகவே வகுத்துவிட்டது. ஒவ்வொரு தொகுதியையும் மற்றப் பின்னத்தின் பகுதியால் பெருக்கிக் கூட்டி, பகுதிகளின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும் என்பது அவ்விதி. அதன்படி 1/3, 2/5 ஆகியவை சேர்ந்து 11/15 ஆகின்றன. கி.பி. 263-இல் அந்நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுயி, விதியைத் திரும்பச் சொல்வதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் விளக்கினார்: பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்குவது கூறுகளைச் சமப்படுத்துகிறது, தொகுதிகளை மாற்றிப் பெருக்குவது அந்த மாற்றத்துக்கு ஈடுசெய்து மதிப்பைக் காக்கிறது என்னும் இருமுகச் செயலாக அவர் அதனைக் கண்டார்.

மிகச் சிறிய பொதுப் பகுதியைத் தேர்ந்துகொள்ளும் முறையை இந்தியாவில் தெளிவாக வகுத்துக் காட்டியவர் மகாவீரர். இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கி.பி. 850 அளவில் ‘கணித சார சங்கிரகம்’ இயற்றிய இச்சமண அறிஞர், பகுதிகளுக்குப் பொதுவான காரணிகளையும், அவற்றால் வகுத்த பின் எஞ்சும் ஈவுகளையும் தொடர்ந்து பெருக்கிக் கிடைக்கும் எண்ணை ‘நிருத்தம்’ என்று குறித்தார். 12, 18 ஆகியவற்றுக்குப் பொதுக் காரணி 6, எஞ்சும் ஈவுகள் 2, 3; மூன்றையும் பெருக்க 36 வந்துவிடுகிறது. இந்நூலை ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னையில் 1912-ஆம் ஆண்டு அது அச்சேறியது.

முந்நூற்றிருபதில் ஒன்று

இதுவரை கண்ட முறைகளெல்லாம் கணக்கு ஒன்று எதிர்ப்படும்போது அதற்குரிய பொதுப் பகுதியைப் புதிதாகத் தேடுபவை. தமிழர் வழங்கிய கீழ்வாய் இலக்கம், அதாவது ஒன்றுக்குக் குறைந்த எண்களின் வாய்பாடு, வேறொரு வழியை மேற்கொண்டது. எல்லாப் பின்னங்களுக்கும் உரிய பொதுப் பகுதியை முன்கூட்டியே ஒருமுறை நிலைநிறுத்திவிட்டது. அவ்வாய்பாட்டில் இரு கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. அரை, கால், அரைக்கால், மாகாணி அல்லது வீசம் என ஒன்றைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கிப் பதினாறில் ஒன்று வரை செல்வது ஒரு கிளை. ஒருமா என்பது இருபதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, மும்மா இருபதில் மூன்று, நாலுமா ஐந்தில் ஒன்று என இருபதை அடிப்படையாகக் கொண்டது மற்றொரு கிளை. ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா என்னும் நில அளவும் இக்கிளையோடு ஒத்துச் செல்கிறது.

16, 20 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 80. எண்பதில் ஒன்றாகிய காணி அவ்விரு கிளைகளையும் இணைக்கும் கூறாக இவ்வாய்பாட்டில் இடம்பெற்றிருக்கிறது. எண்பதில் நான்காகிய மாவும் எண்பதில் ஒன்றாகிய காணியும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று கிடைக்கும். மாகாணி என்னும் அளவு இக்கூட்டலின் விடையே ஆகும். காணியைப் பாதியாக்கி அரைக்காணி, அதனையும் பாதியாக்கி முந்திரி என வகுத்தபோது 320 என்னும் அடிப்படைப் பகுதி அமைந்தது.

முந்திரியால் எண்ணினால் முக்கால் 240, அரை 160, கால் 80, நாலுமா 64, மூவீசம் 60, மும்மா 48, அரைக்கால் 40, இருமா 32, மாகாணி 20, ஒருமா 16, முக்காணி 12, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2 என எல்லாமே முழு எண்களாகிவிடுகின்றன. அரைக்கால், மும்மா, மாகாணி மூன்றையும் கூட்ட வேண்டுமெனில் பள்ளி முறையில் 8, 20, 16 ஆகியவற்றுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டு 27/80 என்று விடை எழுத வேண்டும். வாய்பாடு மனப்பாடமான கணக்கருக்கோ 40, 48, 20 சேர்ந்து 108 முந்திரி. அதில் 80 போனால் கால், 20 போனால் மாகாணி, எஞ்சிய 8 அரைமா. ஆக விடை கால், மாகாணி, அரைமா. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை நாள்தோறும் ஒப்பித்துப் பழகிய மாணவர், பொதுப் பகுதியைத் தேடும் வேலையை ஒவ்வொரு கணக்கிலும் செய்ய வேண்டியிராமல், வாய்பாட்டோடு சேர்த்தே நினைவில் பதித்துக்கொண்டனர். இதனினும் நுண்ணிய அளவு வேண்டியபோது முந்திரியையே மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். அது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு.

முன்கூட்டியே நிலைநிறுத்திய பொதுப் பகுதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இவ்வாய்பாடு காட்டுகிறது. 320-இன் பகாக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே. ஆகவே மூன்றில் ஒன்றையோ ஏழில் ஒன்றையோ முந்திரியாலும் கீழ்முந்திரியாலும் எவ்வளவு முயன்றாலும் மிச்சமின்றிச் சொல்ல முடியாது. பரவலாக வழங்கும் வாய்பாடு கீழ்முந்திரிக்கு அடுத்த படியில் 320-ஐ விட்டுவிட்டு, அதனை 21 கூறாக்கி இம்மி என்கிறது. 21 என்பது மூன்றும் ஏழும் பெருக்கி வந்த எண் என்பதால் அதுவரை வெளியே நின்ற இரு பகா எண்களும் அங்கே உள்ளே வந்துவிடுகின்றன. அதன் பயனாக மூன்றில் ஒரு பங்கு என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி என ஒரு துளியும் மிஞ்சாமல் அமைந்துவிடுகிறது.

பாகப் பிரிவினையில் 24

பொதுப் பகுதி சட்டத்தின் கருவியாகவே மாறிய துறை இஸ்லாமிய வாரிசுரிமை. அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய இயற்கணித நூலின் பெரும்பகுதி பாகப் பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருப்பது இத்துறையின் கடினத்தை உணர்த்தும். குர்ஆன் விதிக்கும் பாகங்கள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 ஆகிய ஆறு. இவையனைத்துக்கும் மீச்சிறு பொதுப் பகுதி 24. இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை ஆகியோர் வாரிசுகளாக இருந்தால் மனைவிக்கு 3/24, மகள்களுக்கு 16/24, தாய்க்கும் தந்தைக்கும் தலா 4/24 என்று வரும். கூட்டினால் 27/24 ஆகிச் சொத்தையே மிஞ்சிவிடுகிறது. சன்னி சட்ட மரபு ‘அவ்ல்’ என்னும் முறையால் இச்சிக்கலைத் தீர்க்கிறது: தொகுதிகளை அப்படியே விட்டுவிட்டுப் பகுதியை 24-இலிருந்து 27-ஆக உயர்த்துகிறது. அதனால் ஒவ்வொருவர் பங்கும் ஒரே விகிதத்தில் குறைந்து, மனைவியின் எட்டில் ஒரு பங்கு 3/27, அதாவது ஒன்பதில் ஒரு பங்காகிறது. கலீபா அலீ அவர்கள் மின்பர் மேடையில் நின்றிருந்தபோது இக்கேள்வி எழ, அங்கேயே விடை சொன்னதாக மரபு கூறுவதால் இக்கணக்கு ‘மின்பரிய்யா’ என்றே அழைக்கப்படுகிறது. ஷியா சட்ட மரபு இம்முறையை ஏற்பதில்லை. எம்முறை கொள்ளப்பட்டாலும், பாகங்கள் அனைத்தும் ஒரே பகுதியில் எழுதப்பட்ட பிறகுதான் பற்றாக்குறை எவ்வளவு என்பதே கண்ணுக்குத் தெரிகிறது.

நூறும் இரண்டின் மடங்குகளும்

இந்திய நாணய முறையும் இதே கணக்கில் ஒருமுறை இடம் மாறியது. பழைய முறையில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. 192-இல் மூன்று ஒரு காரணியாக இருந்ததால் ரூபாயின் மூன்றில் ஒரு பங்கு 64 தம்பிடி, அதாவது 5 அணா 4 தம்பிடி எனச் சரியாக அமைந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானபோது கூட்டலும் பெருக்கலும் மிக எளிதாயின. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு நாணயத்தில் இடமில்லாமல் போனது. ஓரணா ஆறேகால் நயா பைசாவாக நின்றதால் மாற்றுப் பட்டியலில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என முழுமையாக்க வேண்டியிருந்தது. நாலணாவுக்கு வந்த பிறகே 25 எனக் கணக்கு நேரானது. விழுக்காடும் தசமப் பின்னமும் இதே வகையைச் சேர்ந்தவை: எல்லாவற்றுக்கும் பகுதி பத்து, நூறு, ஆயிரம் என்று முன்னரே முடிவாகிவிட்டதால் ஒப்பிடுவது எளிது, ஆனால் 1/3 என்பது 0.333 என முடிவின்றி நீள்கிறது.

கணினிகள் தேர்ந்துகொண்ட பகுதி இதனினும் குறுகியது. அவை எண்களை இரண்டின் அடுக்குகளாகவே பதிவு செய்வதால் பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னமும் அவற்றுள் மிச்சமின்றி அடங்குவதில்லை. பல நிரல் மொழிகளில் 0.1 உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் விடை 0.30000000000000004 என்று திரையில் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஐந்து என்னும் காரணி இல்லாத ஒரு பகுதியில் ஐந்தால் வகுபட வேண்டிய ஒன்றை எழுத முயல்வதால் வரும் மிச்சம் அது.

320, 24, 192, 100, இரண்டின் அடுக்கு ஆகிய ஒவ்வொன்றும் அதனதன் துறைக்கு விரைவைத் தந்தது. அதற்கு ஈடாக, தன் காரணிகளுள் அடங்காத பின்னங்களை வெளியே நிறுத்தியது. பள்ளியில் கற்பிக்கப்படும் மீச்சிறு பொது மடங்கு முறைக்கு அவ்விரைவு இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் காரணிகளைப் பிரித்து, மடங்கைக் கண்டு, தொகுதிகளை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் எந்த இரு பின்னங்களைக் கொடுத்தாலும் அவற்றுக்கு உரிய கூறு ஒன்று உண்டு என்பதையும், அதனை முடிவுள்ள சில படிகளில் கண்டுவிடலாம் என்பதையும் உறுதியளிப்பது அம்முறை ஒன்றே. கைப்பேசியே கணக்கிட்டுத் தரும் காலத்திலும் அது பாடத்திட்டத்தில் நீடிப்பதற்கும், பின்னால் இயற்கணிதத்தில் எண்களின் இடத்தில் எழுத்துகள் வந்து அமரும்போது மாணவர் மீண்டும் அதனிடமே திரும்ப வேண்டியிருப்பதற்கும் அவ்வுறுதிப்பாடே காரணமாகும்.